வேட்டைக்கும் இலக்குக்கும் ஒரே காம்பவுண்ட் வில் போதுமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைக்கு வெளியே எங்கள் தோட்டத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் சிலர் கூடி வில் பயில்கிறோம். அதைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: வேட்டைக்கும் இலக்குப் போட்டிக்கும் பொருந்தும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, இந்தக் காம்பவுண்ட் வில்லை (முனைகளில் சக்கரம் பொருத்திய வில்லை) வாங்கலாமா? அந்தக் கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வில் வாங்குவது சிறிய செலவு அன்று. தவறாக வாங்கிவிட்டு ஆறே மாதத்தில் பரணில் ஏற்றி வைத்தவர்கள் பலரைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் பகுதியில் வில்லால் வேட்டையாட முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்லாமல், காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் அடங்கும். குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். முதல் அட்டவணையில் உள்ள விலங்காக இருந்தாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

பலர் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. ஆயுதம் என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கும் இடத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயமும், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் நமக்கு மிக அருகில் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிற காரின் டிக்கியில், போன வாரப் பயிற்சிக்கு எடுத்து வைத்த வில் கிடந்தால், பாபநாசம் சோதனைச் சாவடியில் என்ன பதில் சொல்வீர்கள்? மலைக்குப் புறப்படும் முன் வில்லை வீட்டில் இறக்கி வையுங்கள்.

வாழைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்து நாசம் செய்கிறது. அப்போதுமா கூடாது?

களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி இதை என்னிடம் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. குலை தள்ளும் பருவத்தில் ஒரே இரவில் நூறு வாழை சாய்ந்து கிடப்பதைக் கண்டவரின் கோபம் நியாயமானது. ஆனாலும் பதில் கூடாது என்பதுதான். காட்டுப்பன்றியை அப்புறப்படுத்தும் அதிகாரம் வனத்துறையிடம் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. அம்பு துப்பாக்கிக் குண்டு அன்று. அது இரத்தப்போக்கினால்தான் கொல்லும். குறி ஒரு சாண் தவறினால், காயம்பட்ட பன்றி அம்போடு ஓடி நாள்கணக்கில் துடிக்கும். மறுநாள் விடியலில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் மீது அது பாயவும் கூடும்.

அப்படியானால் வேட்டை வில், இலக்கு வில் என்ற பிரிவு ஏன் இருக்கிறது?

காம்பவுண்ட் வில் அமெரிக்காவில் பிறந்தது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் உருளைச் சக்கரங்களைப் பொருத்தி நாணையும் கேபிள்களையும் அவற்றின் வழியே ஓட்டினால், இழுக்கத் தொடங்கும்போது கனமாகவும் முழுவதும் இழுத்து முடித்தபின் இலேசாகவும் இருக்கும். இந்த அமைப்பு முதலில் மான் வேட்டைக்காரர்களுக்கே பயன்பட்டது. மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து, இழுத்த வில்லோடு மான் திரும்பும் வரை காத்திருக்க அவர்களுக்கு அது உதவியது. இன்றும் உலகச் சந்தையில் அவர்களே பெரிய வாடிக்கையாளர்கள் என்பதால், நிறுவனங்கள் செய்யும் வில்களில் பெரும்பகுதி வேட்டையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது. இங்கே வந்து சேர்வதிலும் அவையே அதிகம்.

வேட்டை வில் குட்டையானது. மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரை பொதுவாக 28 முதல் 33 அங்குலம் இருக்கும். புதருக்குள் தட்டுப்படாமல் கொண்டு செல்வதற்காக அப்படி. இலக்கு வில் 36 முதல் 40 அங்குலம் வரை நீண்டிருக்கும். நீளமான வில் கையில் அதிகம் ஆடாது. இழுக்கும்போது நாண் விரியும் கோணமும் அகலமாக இருப்பதால் மூக்கு நுனியை நாணில் இயல்பாகத் தொட்டு வைக்கலாம். நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைப்பட்ட தூரமும் வேறுபடும். வேகத்துக்காக வேட்டை வில்லில் அது ஆறு, ஆறரை அங்குலமாகக் குறைக்கப்படும். இலக்கு வில்லில் ஏழுக்கு மேல் இருக்கும். அந்தத் தூரம் குறையக் குறைய அம்பு நாணை விட்டுப் பிரிய எடுக்கும் நேரம் நீள்கிறது. அதற்குள் உங்கள் கையின் சிறு பிழையெல்லாம் அம்பில் ஏறிவிடுகிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒரே வில் என்பது உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ முறையான உரிமம் பெற்று வேட்டைக்குப் போகும் உறவினர், ஊருக்கு வரும்போது நம்மோடு இலக்கும் பயில விரும்பினால் அவருக்கு நான் சொல்வது இது: 32 முதல் 34 அங்குல நீளம், நாண் தூரம் ஏறத்தாழ ஏழு அங்குலம், அதிகபட்ச இழுவிசை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) 60 பவுண்டு. இந்த 60 பவுண்டில்தான் பலர் தவறுகிறார்கள். கடைக்காரர் 70 பவுண்டு வில்லைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் காம்பவுண்ட் வில்லின் இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. 70 பவுண்டு வில்லைப் போல்ட்டைத் தளர்த்தி 60க்குக் கொண்டு வரலாம் என்றாலும், 60 பவுண்டு வில்லை அதன் முழு அளவில் வைத்து எய்வதே சீராக இருக்கும் என்பது என் அனுபவம். மானுக்கு 60 பவுண்டு தாராளம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவு 40 பவுண்டையோ அதற்குக் கீழேயோதான் ஒட்டியிருக்கிறது.

நிறத்தையும் கவனியுங்கள். இலையும் தழையுமாக வண்ணம் பூசிய உடைக்கும் உபகரணத்துக்கும் உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில் இடமில்லை. ஒற்றை நிற வில்லாக வாங்கினால் இந்தச் சிக்கலே வராது.

இங்கேயே இருந்து இலக்கு மட்டுமே பயிலப் போகிறவருக்கு, பொதுவான வில் என்ற சொல்லால் மயங்க வேண்டாம் என்பேன். பயன்படுத்தவே முடியாத ஒரு பாதிக்காக, பயன்படுத்தப் போகும் பாதியை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எது?

இழுநீளம், அதாவது நாணை நீங்கள் முழுவதும் இழுக்கும்போது அது வரும் நீளம். விலை, பெயர், வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சக்கரம் இல்லாத, நுனி வளைந்த ரீகர்வ் வில்லை அவரவர் கைக்கு ஏற்ற அளவு இழுத்து நிறுத்தலாம். காம்பவுண்ட் வில் அப்படி விட்டுக்கொடுக்காது. சக்கரம் சுழன்று முடியும் இடத்தில் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அந்தச் சுவர் உங்கள் உடம்புக்குச் சரியான இடத்தில் இருந்தாக வேண்டும்.

அளப்பது எளிது. சுவரில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் தோள் உயரத்தில் இயல்பாக விரியுங்கள். நெஞ்சை விடைத்து எட்டிப் பிடிக்க வேண்டாம். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, 2.5 ஆல் வகுத்தால் தோராயமான இழுநீளம் கிடைக்கும். 170 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 67 அங்குலம், வகுத்தால் 26.8. அவருக்கு 26½ அல்லது 27 அங்குலத்தில் தொடங்கலாம். பெரும்பாலான புது வில்களில் சக்கரத்தோடு ஒட்டிய சிறு தகட்டைத் திருகாணி கழற்றி நகர்த்தினால் அரை அங்குலம் அரை அங்குலமாக மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் சக்கரத்தையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் 29 அங்குலத்தில் அமைத்த வில்லோடு வந்தார். இழுத்து முடித்ததும் அவர் தலை பின்னால் சாய்ந்தது, இடுப்பு முன்னால் வளைந்தது, நாண் வாயோரத்தைத் தாண்டிக் காதருகே போய் நின்றது. இடது முன்கையின் உட்புறம், மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கடைத் தூரத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அவர் அதைப் பயிற்சியின் அடையாளம் என்றே நினைத்திருந்தார். அளந்து பார்த்தபோது அவருக்கு வேண்டியது 27. தகட்டை மாற்றி, நாணில் பொருத்தியிருந்த, குறி பார்ப்பதற்கான பீப் துளையையும் அவர் கண்ணுக்கு நேராக நகர்த்திக் கொடுத்தோம். இருபது மீட்டரில் தட்டு அகலத்துக்குச் சிதறிக்கொண்டிருந்த அவருடைய அம்புகள் அன்று மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்குள் வந்து விழுந்தன. கையிலும் அடி விழவில்லை.

எத்தனை பவுண்டில் தொடங்க வேண்டும்?

இளவட்டக்கல் தூக்கிய ஊர்க்காரர்கள் நாம். கனமானதை எடுப்பதே பெருமை என்ற எண்ணம் எளிதில் போகாது. வெறும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல், இலக்கை நோக்கி நீட்டியபடியே சீராக இழுத்துப் பாருங்கள். இழுக்க முடிந்தால் அது உங்கள் அளவு. தோளைக் குலுக்கி மேலே தூக்கி இழுக்க நேர்ந்தால் ஐந்து பவுண்டு குறையுங்கள். உடற்பயிற்சி உள்ள ஆண்களுக்கு 45, பெண்களுக்கும் பதின்வயதினருக்கும் 30 முதல் 35 என்று தொடங்கலாம். 50 மீட்டர் தகுதிச் சுற்றில் 72 அம்புகள். ஒத்திகை அம்புகளையும் சேர்த்தால் ஒரே நாளில் நூற்றைத் தொடும். நூறாவது அம்பையும் முதல் அம்பைப் போல இழுக்க முடிகிற எடையே உங்கள் எடை.

லெட்-ஆஃப் என்பது என்ன? அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

முழுவதும் இழுத்தபின் எத்தனை சதவீதம் கனம் குறைகிறது என்பதே லெட்-ஆஃப். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் என்றால் கையில் நிற்பது 12 பவுண்டு. வேட்டை வில்களில் 80 முதல் 90 வரை வைப்பார்கள். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. இலக்கில் 65 முதல் 75 வரை பலர் விரும்புகிறார்கள். கையில் சற்றுக் கனம் நின்றால்தான் முதுகுத் தசை விழித்திருக்கும், விடுவிப்பும் துப்புரவாக இருக்கும். இதை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள வில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

விளம்பரத்தில் நொடிக்கு 330 அடி வேகம் என்கிறார்கள். எனக்கும் அது கிடைக்குமா?

கிடைக்காது. அந்த எண் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் அளவை) அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுநீளம் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ பத்தடி வேகம் குறையும். 27 அங்குலம், 50 பவுண்டு உள்ள ஒருவருக்கு அதே வில்லில் 260ஐ ஒட்டி வந்தாலே நல்லது. அந்த வேகத்தில் எய்யும் அம்பு 50 மீட்டர் இலக்குக்குத் தாராளமாகப் போய்ச் சேரும். வேகத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

அம்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

வில்லுக்கு ஏற்ற விறைப்பில். அம்பின் தண்டில் 500, 400, 340 என்று எண் அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். உங்கள் பவுண்டு, இழுநீளம், முனையின் எடை மூன்றையும் அம்பு நிறுவனம் தரும் அட்டவணையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அம்பின் மொத்த எடை, வில்லின் ஒரு பவுண்டுக்கு ஐந்து கிரெய்னுக்குக் குறையக் கூடாது. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெய்ன் என்பது கீழ்வரம்பு. அதற்கும் இலேசான அம்பை விட்டால் அதன் ஆற்றல் வில்லின் தண்டுகளுக்கே திரும்பி, அவற்றை உடைக்கும். நாணில் அம்பே இல்லாமல் இழுத்து விடுவது அதனினும் கேடு. வீட்டுக்கு வருகிற உறவுக்காரப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வது அதைத்தான். விருந்தாளி வரும்போது வில் பெட்டிக்குள் பூட்டி இருக்கட்டும்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் இரு நுனியையும் பிடித்து மெதுவாக வளைத்துக் காதருகே வையுங்கள். நெல் பொரிவது போன்ற சிறு சத்தம் கேட்டால் அம்பில் விரிசல் விட்டிருக்கிறது. உடனே முறித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும் கணத்தில் சிதறினால் அதன் இழைகள் வில் பிடித்த கையில் ஏறும். வேட்டைக்கான கத்தி அலகு முனைகளை இங்கே வாங்கவே வேண்டாம்; அவை இலக்கைக் கிழிக்கும், எடுக்கும்போது விரலையும் கிழிக்கும்.

வில்லைத் தவிர வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

சைட் (குறி பார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி), பீப், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் கோல்), ரிலீஸ் ஆகியவை இல்லாமல் காம்பவுண்ட் வில் முழுமை பெறாது. உங்களிடம் உள்ள பணம் முழுவதையும் வில்லில் போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது இவற்றுக்கு ஒதுக்குங்கள். இவற்றில் ரிலீஸ்தான் தலையாயது. நாணைப் பிடித்து விடுவிக்கும் இந்தச் சிறு கருவியில், மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்தும் வகை வேட்டைக்காரர்களுடையது. கட்டைவிரலால் இயக்கும் வகையில் பழகினால் விசையைத் திடீரென்று தட்டும் பழக்கம் வராமல் தடுக்கலாம். வேட்டை வில்லோடு வரும் பல ஊசி சைட்டை நீக்கிவிட்டு, ஒரே புள்ளியும் நீர்மட்டக் குமிழும் உள்ள சைட்டைப் போட்டாலே அந்த வில் பாதி இலக்கு வில்லாக மாறிவிடும்.

நம் ஊர்க் காற்றும் வெயிலும் தேர்வைப் பாதிக்குமா?

நிச்சயமாகப் பாதிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் பணகுடி, காவல்கிணறு பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி முதல் ஆவணி வரை அந்தப் பக்கத்தில் 50 மீட்டரில் எய்தால் அம்பு இலக்கின் நடு மஞ்சளைப் பார்த்துப் போய் அதற்கு வெளியே உள்ள சிவப்பில் குத்தும். அதற்காகச் சைட்டைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். மெல்லிய தண்டுள்ள அம்பைக் காற்று குறைவாகத் தள்ளும். வெளியரங்கப் பயிற்சிக்கு அதையே வாங்குங்கள். வில் சாய்ந்திருக்கிறதா என்பதைக் குமிழைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அந்த மாதங்களில் நாங்கள் விடியற்காலையிலேயே தொடங்கி, காற்று எழுமுன் முடித்துக்கொள்கிறோம்.

சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் நாண் நீளும், பீப் துளை திரும்பிக்கொள்ளும், இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழல்வது தவறும். நாணுக்கு மெழுகு பூசுவதை வாரக் கணக்கில் பழக்கமாக்குங்கள். நாணை மாற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி வேண்டும். அது இல்லாமல் நாணைக் கழற்ற முயல வேண்டாம். பிரஸ் வைத்திருப்பவர் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

பழைய வில் வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். என் முதல் வில் பழையதுதான். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி, பேருந்து பார்சலில் வந்த அதைப் பிரித்துத் துடைத்தபோது கீழ்த் தண்டின் ஓரத்தில் துணி நூல் சிக்கியது. மயிரிழை போன்ற ஒரு பிளவு அங்கே இருந்தது. அம்பில்லாமல் யாரோ விட்டிருக்கிறார்கள். விற்றவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, பணமும் திரும்பவில்லை. அன்றிலிருந்து பழைய வில்லைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போகிறேன். மேல் தண்டு, கீழ்த் தண்டு, சக்கரத்தின் விளிம்பு என்று எல்லா இடத்திலும் அதை மெதுவாக ஓட்டுவேன். பஞ்சு சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கும். அப்படிச் சிக்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வலது கைப் பழக்கம் உள்ளவர் வலக்கை வில்தான் வாங்க வேண்டுமா?

கண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சிறு துளை அமைத்து, அதன் வழியே தூரத்துப் பனை ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பனை துளைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் ஆளும் கண். புதிதாகத் தொடங்குகிறவர் அந்தக் கண் பக்கத்து வில்லை வாங்குவது நல்லது.

இந்தப் பயிற்சி எங்கே கொண்டு போகும்?

வேட்டையின் விறுவிறுப்பை விரும்புகிறவர்களுக்கு, தூரம் சொல்லாமல் நுரை விலங்கு உருவங்களை வைத்து நடத்தும் முப்பரிமாணப் போட்டி இருக்கிறது. அதில் எந்த உயிருக்கும் தீங்கில்லை. காம்பவுண்ட் பிரிவில் நம் நாடு முன்னணியில் நிற்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் ஆளுக்கு மூன்று தங்கம் வென்றார்கள். கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தாங்கி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் வெண்கலம் வென்றதும் காம்பவுண்ட் வில்லில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சொந்தத் தோட்டத்தில் இலக்கு வைக்கலாமா?

வைக்கலாம், இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 50 பவுண்டு வில்லின் அம்பு, வைக்கோலைத் தவறவிட்டால் இருநூறு மீட்டரையும் தாண்டிப் போகும். முள்வேலியோ ஓலைத் தட்டியோ அதைத் தடுக்காது. ஆள் உயரத்துக்கு மேல் செம்மண் அணைத்து, அதன் முன்னால் இறுகக் கட்டிய வைக்கோலை வையுங்கள். குளத்துக் கரையை நோக்கி எய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் எப்போது ஏறி வருவார் என்று தெரியாது. எங்கள் தோட்டத்தில் எய்யும்போது கம்பத்தில் சிவப்புத் துணி ஏறும். அது இறங்கிய பிறகுதான் அம்பெடுக்க ஆள் நடக்கும்.